நாலு பேர் அறை

தி.நகர் டிராவல்ஸ் அலுவலகத்தின் ஏசிக் குளிரில், பளபளக்கும் கப்பல் படங்கள் மேசை முழுக்க விரிந்து கிடக்கின்றன. வஜீஹா, அஃப்தாப் தம்பதியின் மூன்று பிள்ளைகளும் அவற்றின் மேல் கவிழ்ந்திருக்கிறார்கள். கடைக்குட்டி ஃபிசா, வீட்டிலேயே ஊதி மாட்டிய நீச்சல் வளையத்தோடு வந்திருக்கிறாள். “இந்தக் கப்பல்ல ஃபேமிலி ரூமுக்கு நாலு பேர்தான் மேடம். குட்டியை மட்டும் யார்கிட்டயாவது விட்டுட்டுப் போங்களேன்,” என்கிறார் ஏஜென்ட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஃபேமிலின்னு போட்டுட்டு, அதுல ஒண்ணை வுட்டுட்டு வரச் சொல்றீங்களா? இன்னா பேச்சு சார் இது?” வஜீஹாவின் குரலில் கண்ணாடித் தடுப்பே அதிர்கிறது. ஃபிசா வளையத்தின் மூடியைப் பிடுங்குகிறாள். காற்று சீறுகிறது. வஜீஹா சட்டென்று குனிந்து ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். மறு கையால் அந்தக் கப்பலின் படத்தைத் தரையில் தள்ளுகிறாள். “காத்த வுடாதேம்மா. அஞ்சு பேரையும் ஏத்தாத கப்பல் நமக்கு எதுக்கு?”