புடவை அறுக்கும் நாள்

கலியாணசுந்தரம் அன்றைக்குச் சிரித்தார். ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு தெளிவோடு உள்ளே வந்தார். சங்கரிக்கு அப்பாடா என்றிருந்தது.

சங்கரி மனநல ஆலோசகர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, கடகடவென்று ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் அவள் ஆஸ்தி. மனசு சரியில்லை என்றால் கோயிலுக்குப் போவார்கள், உன்னிடம் யார் வரப்போகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரிக்கச் சிரிக்கப் பிடிவாதமாக ஆரம்பித்தது. கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் தங்கம் ஏறியது. தங்கம் ஏறினால் ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினால் புடவை ஏறும், புடவை ஏறினால் கடைத்தெருவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கையில் காசு குறைந்தால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது மனசுக்கான செலவை. பல்வலி என்றால் கடன் வாங்கியாவது ஓடுவார்கள். மனசு வலித்தால் படுத்துத் தூங்கு என்பார்கள்.

கட்டடக்காரர் மட்டும் வாடகையை ஏற்ற மறக்கவில்லை. முடியாது என்றால் சொல்லிவிடும்மா, செல்போன் கடைக்காரன் ஒருத்தன் இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றார்.

சென்னையில் இதே தொழில் செய்யும் தீபிகா ஒரு வழி சொன்னாள். ஃபீஸை ஏற்று, மாதம் ஒரு தடவை வருகிறவர்களை வாரம் ஒரு தடவை வரச் சொல், மதிப்புத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் போகட்டும் என்றாள். சங்கரிக்கு மனசே இல்லை. ஆனாலும் செய்தாள். பாதிப் பேர் சத்தமில்லாமல் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கலியாணசுந்தரம் மட்டும் நிறுத்தவில்லை. முதல் நாள் வந்து, "இருந்து இன்னாமா ஆவப்போவுது" என்று ஒரே வரி சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருந்தவர் அவர். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர். அமாவாசைக்கு மட்டும்தான் வருவார், அன்றைக்குத்தான் தறி ஓடாது.

அப்படிப்பட்டவர், வாரா வாரம் வாங்க என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். திங்களோ புதனோ, காலையோ மதியமோ, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். ஃபீஸைக் குறைக்கச் சொல்லி வாயைத் திறக்கவில்லை. தறியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். தொழில் கவலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார், நல்லதுதான் என்று சங்கரியும் விட்டுவிட்டாள்.

பிழைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது பார் என்று தீபிகாவிடம் பெருமையடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் உறுத்தல் இல்லாமல் இல்லை. பாதி கொடுத்தால் போதும்ணா என்று சொல்ல எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. வாடகை ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டாள்.

இன்றைக்கு அவர் நிறையப் பேசினார். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்ததாம். தம்பியோடு நாலு வருஷமாக இருந்த சண்டையைக்கூடத் தானே போய்ப் பேசித் தீர்த்துவிட்டாராம். கிளம்பும்போது, அடுத்த வாரம் எந்த நாள் வசதிப்படும் என்று சங்கரி கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே வேணாம்மா. வெள்ளிக்கிழம அறுத்துடலாம்னு இருக்கேன். அதோட எல்லாப் பாரமும் எறங்கிடும்."

வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் வெலவெலத்துப் போயிருப்பார். சங்கரி பிள்ளையார்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும் நாள் ஒரு நெசவுக்காரர் வீட்டில் எப்பேர்ப்பட்ட நாள் என்று அவளுக்குத் தெரியாதா? கையில் காசு புரளும், அடுப்பில் கேசரி மணக்கும், பிள்ளைகள் அடி வாங்காமல் தப்பிக்கும்.

வாரா வாரம் வந்த ஒரு வரும்படி போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. சீ, மனுஷன் தேறினதுக்குச் சந்தோஷப்படாமல் இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாமி கும்பிடும்போது எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்குங்கண்ணா என்று சிரித்தபடி சொன்னாள்.

"உங்களத்தாம்மா மொதல்ல நெனச்சுப்பேன்" என்று அவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கரிக்கு நல்ல சேதி வந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி, தன் ஊழியர்களுக்கு ஆலோசனை சொல்ல அவளையே வைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்கள். மாதாமாதம் நிச்சயமாக வரும் பணம். செல்போன் கடைக்காரன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், அறை பிழைத்துவிட்டது. இனி கலியாணசுந்தரம் மாதிரி ஆட்களிடம் பாதி வாங்கினால்கூடப் போதும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

போனை வைப்பதற்குள் மறுபடி அடித்தது. கலியாணசுந்தரத்தின் மனைவி பெரியநாயகி. விடிவதற்கு முன்னே யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனவர் இன்னும் திரும்பவில்லை, போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அங்கே வந்தாரா என்று கேட்டாள்.

சங்கரிக்கு அவள் பயத்தை நினைத்துப் பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்கக்கா. இன்னிக்குப் பொடவ அறுக்கறேன்னு எங்கிட்ட சொன்னாரு. அதக் குடுக்கத்தான் மொதலாளி வீட்டுக்குப் போயிருப்பாரு."



"எந்தப் பொடவமா? தறிய வித்துத்தான உங்களுக்கு ஃபீஸு கட்டிக்கினு இருந்தாரு."