ரொட்டி, ஆலிவ், பிச்சுமணி

"பிச்சுமணி போயிட்டான். ஹார்ட் அட்டாக். திருச்சிலேர்ந்து போன் வந்தது."

இதைச் சொல்லிவிட்டு என் கணவர் கஸ்தூரிரங்கன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். கையில் கார் சாவி. போனது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவர் எதிரே தட்டில் நாலு ஆலிவ் காய்.

கவுண்ட்டி காலேஜில் மாலை வகுப்பு சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். கிரேக்கத் தத்துவமாம். வயிற்றுப் பசிக்கு மேல் எதுவுமே வீண் ஆசையாம். சோபா போனது, டிவி போனது, விசிஆர் போனது, காபியில் சர்க்கரை போனது. கடல் கடந்து வந்து குடியேறிய இந்தப் பார்சிப்பனியிலேயே தரையில் உட்கார்ந்து வெறும் ரொட்டி தின்னும் சீனியர் இன்ஜினியர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டேன்.

தம்பி செத்ததற்குமா தத்துவம்?

"அவனுக்கு இனிமே வலி இல்லை, பயம் இல்லை. எதுக்கு அழணும், ருக்மிணி?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீடுகளில் உடுத்திய துணியோடு தலைமுழுகிவிட்டுத்தான் பச்சைத் தண்ணீராவது குடிப்பார்கள். இவர் மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்து ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டிருக்கிறார். அந்த வழுக்கைத் தலையில் ரெண்டு சொம்பு தண்ணீர் விட்டுக்கொள்ளக் கூடவா மனசு வரவில்லை?

நாளைக்கு நான் போனாலும் இதே ரொட்டிதானே?

அதைக் கத்தியே கேட்டேன். அவர் அடுத்த ஆலிவை எடுத்தார்.

விடுவிடுவென்று மாடியேறி, ஆபீஸ் உடையோடு ஷவரின் கீழ் நின்றேன். மன்னி மன்னி என்று என்னையே சுற்றி வந்த பிள்ளை பிச்சுமணி. அவனுக்காகக் கொஞ்சம் அழுதேன். கீழே இருக்கிறவர்மேல் இருந்த ஆத்திரத்தில் மீதி அழுகை வரவில்லை.

வேறு உடுத்திக்கொண்டு, ஈரத் துணியைச் சொட்டச் சொட்ட அள்ளிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். வாஷிங் மெஷினைத் திறந்தேன்.

உள்ளே அவருடைய சட்டை, பேண்ட், சாக்ஸ்.

எல்லாம் தெப்பலாக நனைந்திருந்தன. பேண்டிலிருந்து பெல்ட்டைக்கூட உருவவில்லை. சட்டைப் பையில் ஆபீஸ் பேட்ஜ் அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றாரோ.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மூடியை அறைந்து சாத்தினேன்.

நான் வருவதற்குள் அழுது முடித்திருக்கிறார், பாவி மனுஷன்.