முன்பே தெரிந்த ஏரி

கல்யாணமாகிப் பத்தாவது நாள். பஸ் மலையேறிக்கொண்டிருந்தது.

"அடுத்த வளைவுல ஆமை மாதிரி ஒரு பாறை வரும் பாருங்க," என்றாள் மனைவி.

வந்தது.

"முன்னாடி வந்திருக்கியா?"

"இல்லையே. இதான் முதல் தடவை."

பள்ளத்தாக்கில் இறங்கியதும், "படகுத்துறை அந்த ஒத்தை மரத்துக்குப் பின்னாடி," என்று முன்னால் நடந்தாள்.

கணவனின் முகம் சுருங்கியது.

"யாரோட வந்தேன்னு சொல்லிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"நினைச்சாச்சு போலிருக்கே," என்று சிரித்தாள்.

துறையில் வயதான படகோட்டி ஒருவர் முதுகைக் காட்டியபடி கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் அண்ணே. ஏரி எப்படி இருக்கு?"

"அலை இல்ல. ஆமைப் பாறை வரைக்கும் பனி இல்ல," என்றவர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "வானிலை ஆபீஸ் தங்கச்சியா?"

"நானேதான்."

"ஆறு வருஷமா தினம் காலையில வயர்லெஸ்ல நான் ஏரி, பாறை, ஒத்தை மரம்னு சொல்றேன், நீ காத்தைச் சொல்ற. இன்னிக்குத்தான் மூஞ்சியப் பார்க்கிறேன். மாப்பிள்ளை ஏன் உம்முன்னு இருக்காரு?"

"ஏரி ரொம்ப ஆழம்னு பயந்துட்டார் அண்ணே."

"இப்ப தெளிஞ்சிடுச்சு," என்று கணவன் முதல் ஆளாகப் படகில் ஏறினான்.