கச்சிதமான ரவிக்கை

வேலுத்தாய் தனக்குத் தைத்த ரவிக்கையை நாலாவது தடவையாகப் பிரித்தாள்.

"ஏட்டி, நாப்பது வயசுல இம்புட்டுக் கச்சிதமாத் தச்சு யாருக்குக் காட்டப்போற?" என்றான் கணவன் பொன்னுராஜ்.

"உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துல நாலு பேரு பாப்பாகள்ல."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"எந்த டைலர்க்கா?"

"நானே தச்சேன்."

பொன்னுராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு மாதமாகத் தனிப்பாயில் படுத்தவன், வலிய வந்து பக்கத்தில் நின்றான். "வா, போட்டோ எடுப்போம்."

அவன் தங்கை வேலுத்தாயின் காதருகே குனிந்தாள். "மதினி, மதுரையில ஆபரேஷன் பண்ணி ஒரு மார்ப எடுத்துட்டாகன்னு சொன்னா எவளும் நம்பமாட்டா."

வேலுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவன், 'வலிக்குதா?' என்று கேட்டதில்லை.

"செத்த நேரம் இருங்க" என்று உள்ளறைக்குப் போனாள். ரவிக்கையின் இடப்பக்கம் வைத்திருந்த பஞ்சை உருவி எறிந்தாள். திரும்பி வந்து கணவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க."

பொன்னுராஜ் ஓரடி விலகினான்.

"அண்ணாச்சி, அக்காவ ஒட்டி நில்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

அவன் நகரவில்லை.