லேப் பார்ட்னர்

“சார்கிட்ட சொல்லியாச்சு. இனிமே லேப்ல எனக்கு மீராதான் பார்ட்னர்.”

விஷ்ணுப்ரியா முகம் பார்க்காமல் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாகீரதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருவரும் ஒரே நாளில் இந்தக் கெமிஸ்ட்ரி வகுப்பில் சேர்ந்தவர்கள். மோல் கணக்கை ஒரே நோட்டில் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்.

“ஒரு டைட்ரேஷன்லயாவது நான் சொதப்பியிருக்கேனாடி?”

“இல்லை. ஆனா நீ கூட நின்னா யாரும் என்கிட்ட வந்து பேச மாட்டேங்கறா.”

“எனக்கு இதெல்லாம் வேண்டாம்னேன். அப்ளிகேஷனை நீதானே போட்டே? கூடவே இருப்பேன்னு சொன்னியே.”

“சொன்னேன். அப்போ தெரியலை.”

பாகீரதி பிப்பெட்டைக் கீழே வைத்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். இவள் சொன்னதுதான் தாங்கவில்லை.

அதற்குள் மீரா வந்துவிட்டாள். “ஆன்டி, ஒந்நு மாறாமோ?” என்று மலையாளத்தில் நகரச் சொல்லிச் சிரித்தபடி பாகீரதியின் இடத்தில் நின்றுகொண்டாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்கு நடந்தவளின் பின்னாலேயே விஷ்ணுப்ரியா ஓடி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உன்னை எதிராத்து மாமின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லிடறியா, அம்மா?”