ஏழாவது வாசலுக்குக் குழைத்த கலவை

ஆறு வாசல்களை அடைத்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்றை அடைக்க வேண்டும், இன்னொன்றில் கேட் மாட்ட வேண்டும்.

எதை அடைப்பது என்பதில்தான் சிக்கல்.

கொத்தனார் சாம்சன் கரண்டியும் கையுமாக நடுவில் நின்றான். கோயில் தெருவைப் பார்த்த வாசலில் முத்துகிருஷ்ணனும் அவர் ஆட்களும். காலனியைப் பார்த்த வாசலில் சாம்சனின் சொந்தபந்தம். சட்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது.

கட்டிடம் அப்படி. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சூட்டில், பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்த ஓர் இளவட்ட இன்ஜினீயர் கட்டிய படிப்பு மன்றம். வட்டமான கான்கிரீட். கவிழ்த்த தட்டு மாதிரி மெல்லிசாக ஒரு கூரை, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சுற்றிலும் எட்டு வாசல், எட்டும் ஒரே அளவு. முன்பக்கம் எது என்று கேட்டதற்கு, எட்டுமே முன்பக்கம்தான் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டாராம்.

பாவம், மனுஷன் கதவு வைக்க மறந்துவிட்டார் என்றே ஊர் இன்றுவரை நம்புகிறது.

ஊர் சும்மா இருக்குமா? முன்பக்கமே இல்லாத கட்டிடத்துக்கும் ஒரு முன்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கோயில் தெரு வாசல் முன்பக்கம். மற்றதெல்லாம் பின்பக்கம்.

இப்போது ஆடு நுழைகிறது, நாய் குட்டி போடுகிறது, சாயங்காலமானால் பாட்டிலோடு ஆள் நுழைகிறது. ஏழு வாசலை அடைத்து ஒன்றுக்கு கேட் போடு என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

சாம்சனின் கவலை வேறு. அவன் மகள் தேவயானி குரூப் ஃபோர் பரீட்சைக்கு இங்கே உட்கார்ந்துதான் படிக்கிறாள். காலனி வாசலை மூடிவிட்டால் கோயில் தெருவைச் சுற்றி வரவேண்டும். வீட்டுக்கு வீடு எங்கே போறே என்று கேட்பார்கள். இரண்டு நாள் வருவாள், மூன்றாம் நாள் வரமாட்டாள். பெற்றவனுக்குத் தெரியாதா?

"இன்னா சாம்சன், ஓவர்சீயர் எத மூடச் சொன்னாரு?" என்றார் முத்துகிருஷ்ணன்.

"ஏழு மூடு, ஒண்ணு வுடுன்னாருண்ணா. எதுன்னு நீங்கல்லாம் பேசிச் சொன்னா செஞ்சிட்றேன்."

போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்று யாரோ இழுத்தார்கள். முத்துகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது.

"நம்மூர்ல எது வாசல்னு அவன் இன்னா சொல்றது? எப்பவும் இதான் வாசல்!"

காலனிப் பக்கம் சலசலப்பு எழுந்தது. சாம்சன் இறுகும் கலவையில் தண்ணீர் தெளித்தான்.

அப்போதுதான் உத்திரமேரூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கோயில் தெருவிலிருந்து பையும் குடையுமாக ஓடிவந்தாள் பவளம், முத்துகிருஷ்ணனின் மனைவி. புருஷனை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வட்டத்தை நேராகக் கடந்தாள். காலனி வாசலில் மட்டம் பார்க்கக் கட்டியிருந்த நூலைத் தூக்கிக் குனிந்து வெளியே போனாள்.

"நவுரு சாம்சன், பஸ்ஸு பூடப் போவுது!"

அவள் பின்னாலேயே கோயில் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் ஓடினார்கள். பஸ் நிற்பது காலனிப் பக்கத்து ரோட்டில். மன்றத்துக்குள் புகுந்து போனால் இருபது அடி, வெளியே முள்ளும் பள்ளமும், தெருவைச் சுற்றிப் போனால் அரை பர்லாங். காலையில் டீ குடிக்கப் போகும்போது முத்துகிருஷ்ணனே இந்த வழியாகத்தான் போனார்.

முதலில் காலனிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு கோயில் தெருப் பக்கமும்.

முத்துகிருஷ்ணன் மீசையைச் சொறிந்தார். "செரி, ரெண்டும் கெடக்கட்டும் போ."

ஏரிக்கரை கன்னியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. "அப்ப எங்க பக்கம் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றவர், வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு திரும்பி வந்து, தன் பக்கத்து அடைப்பை இடித்தார். அவரைப் பார்த்து ரைஸ்மில் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஆட்டுக்கு வேண்டுமானால் மூங்கில் தட்டி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எட்டு வாசலிலும் காற்று வந்தது.

இடித்த ஓரங்களைப் பூசப் புதுக் கலவை குழைத்துக்கொடுத்தாள் சிட்டம்மாள். சாம்சனுக்குப் பெண்டாட்டியும் அவள்தான், சித்தாளும் அவள்தான்.

"நாளைக்கி ஓவர்சீயர் வந்து கத்தப் போறாருய்யா."

"கத்தட்டும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினான். முதல் நாளே ஓவர்சீயர் தன் கையால் போட்டுக்கொடுத்த படம். ஒரு வட்டம், சிவப்பு மையில் ஏழு பெருக்கல் குறி. கோயில் தெரு வாசலுக்கு மட்டும் குறி இல்லை. காலனி வாசலுக்கு நேராக, 'இதை முதலில்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

சிட்டம்மாள் தாளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அடப்பாவி!"

சாம்சன் தாளை வாங்கிக் கலவையில் போட்டு, கரண்டியால் இரண்டு புரட்டு புரட்டினான்.