பொறுக்கி எடுத்த அரிசி

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரத்தம் சோதிக்கிறார்கள் என்று கேட்டதும் மசூதாவின் கையிலிருந்த அகப்பை நழுவியது. மூன்று மாதமாக அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள் அவள்தான். தலை சுற்றுகிறது என்று நாலு நாளாகச் சொல்லும் அவள் மகள் ஹிபாவும் அந்த வரிசையில் நின்றாள்.

'யா அல்லாஹ், ஒண்டாவது கண்ணுக்குத் தப்பியிருக்குமோ?'

பள்ளிக்கு அரிசி அனுப்பும் சத்துணவுத் திட்டத்து யசோதினி மிஸ் சோதித்து முடித்து நேரே குசினிக்கு வந்தாள்.

"ராத்தா, ஒரு பிள்ளைட ரத்தத்திலயும் மாற்றம் இல்ல. மூணு மாதத்துக்கு முன்னம் இருந்த மாதிரியேதான் இருக்கு."

மசூதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்."

"நீங்க ஆக்கிற அரிசியக் காட்டுங்க."

இனி மறைக்க என்ன இருக்கிறது? அலுமாரியிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்து வைத்தாள்.

"நீங்க அனுப்புற அரிசிக்குள்ள பிளாஸ்டிக் கலந்து கெடக்கு மிஸ். போன்லயும் வீடியோ வந்திச்சு. சம்மாந்துறை வயக்காரன்ட மகளுக்கு அரிசி தெரியாதா? விடியச் சுபஹு தொழுதுட்டு, சுளகுல போட்டு, ஒவ்வொண்டாப் பொறுக்கிட்டன். ஒரு மணியும் புள்ளைகள்ர வயித்துக்குள்ள போகல்ல."

யசோதினி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கழுத்துவரை மங்கல் மஞ்சள் மணிகள்.

"இது பிளாஸ்டிக் இல்ல ராத்தா. பிள்ளைகளுக்கு ரத்தம் ஊறட்டும் எண்டு இரும்புச்சத்துப் போட்டுக் கலந்தது இந்த மணியளைத்தான். மற்றதெல்லாம் வெறும் அரிசி."

வெளியே படியில் குந்தியிருந்த ஹிபா கூப்பிட்டாள்.

"உம்மா, திரும்பவும் தலை சுத்துது."